கடல் இருந்த இடம்

12 செப்டெம்பர் 2021, ஞாயிறு

இவருக்குச் சீனி கூடிவிட்டது என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து இடியப்பத்தை நான்தான் தட்டில் வைக்கிறேன். இன்று உடுப்புக் காயப்போட நான் பின்வளவுக்குப் போன நேரம் பார்த்து இரண்டைக் கூட்டிப் போட்டுவிட்டார். “உங்களுக்கு பஸ் ஓட்டத்தான் தெரியும், களவெடுக்கத் தெரியாது. மீசையிலை சொதி நிக்குது,” என்றேன். துடைத்தார். சிரிக்கவில்லை. இந்த மனுசனை நானும் விடாமல் கிண்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அடைபட்ட குழாயைக் கம்பியால் குத்துவது மாதிரி.

மகள் துஷ்யா டிக்கெட் போட்டுவிட்டாள். நவம்பர் ஆறாம் திகதி பயணம், எட்டாம் திகதி அவளுடைய தம்பி நிருஜனின் திவசம். மூன்று பேருக்கும் போட்டிருக்கிறாள். இவர் வரமாட்டார் என்று தெரிந்துதான் போட்டாள், பாவம்.

லண்டனில் எங்கள் ஆட்கள் சாம்பலை சவுத்எண்ட் கடலில் கரைத்துவிட்டு மத்தியானத்துக்கு வீடு வந்துவிடுவார்கள். நாங்கள்தான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். லா பால்மா என்று ஸ்பெயின்காரரின் ஒரு சின்னத் தீவு. நோய் வருத்தத்துக்கு நடுவில் ஒரு கோடை நிருஜனுக்கு உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. அந்தக் கோடையில் நால்வரும் அங்கே போனோம். வாழைத்தோட்டங்களுக்குக் கீழே ஒரு கடற்கரை. மணல் முழுக்கக் கறுப்பு. “அம்மா, இந்த பீச்சை நீங்கள்தான் சமைச்சிருக்கிறியள், அடிப்பிடிச்சுப் போச்சு,” என்றான். வாய் என்னுடையது. மற்றதெல்லாம் தகப்பன்.

அவனைக் கரைத்ததும் அங்கேதான். அன்றைக்கு இவரும் வந்து முழங்கால் தண்ணீரில் நின்றார். அடுத்த வருசத் திவசத்துக்கு வரவில்லை. “அவன் எனக்குச் செய்ய வேண்டியதை நான் அவனுக்குச் செய்யிறதோ?” என்று ஒரு கேள்வி கேட்டார். அதோடு சரி. பெயரைக்கூட எடுப்பதில்லை. நானும் துஷ்யாவுமாகப் போய்ச் செய்துவிட்டு வந்தோம். போன வருசம் கொரோனா.

இந்த வருசம் எப்படியும் போவேன்.

19 செப்டெம்பர், ஞாயிறு

பின்னேரம் துஷ்யா படியால் இறங்கி வந்த விதமே சரியில்லை. “அம்மா, இருங்கோ. பானிக் பண்ணாதேங்கோ.”

“ஆரைக் கட்டப்போறாய், சொல்லு. கொப்பரிட்டை நான் கதைக்கிறன்,” என்றேன்.

அவள் சிரிக்காமல் போனை நீட்டினாள். முதலில் காட்டுத்தீ என்று நினைத்தேன். காட்டுக்குள்ளே நிலம் கிழிந்து நெருப்பு மேலே எழும்பி நிற்கிறது, தண்ணீர்க் குழாய் வெடித்தது மாதிரி.

“இது எங்கை?”

“அதே ஐலண்ட் அம்மா. அதே பக்கம்.”

21 செப்டெம்பர், செவ்வாய்

எரிமலைக் குழம்பு என்று தமிழ் ரீவியில் சொல்கிறார்கள். நான் என்னவோ தண்ணீர் மாதிரி ஓடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு கறுப்பு மதில். மாடி வீட்டின் உயரம். மனுசர் நடப்பதைவிட மெதுவாக வருகிறது. முன்பக்கத்தில் தணல் பிளந்து பிளந்து விழும்போது கோப்பைகள் உடைகிற சத்தம். ஒரு வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. சாய்ந்தது. வீட்டிலிருந்து கொஞ்சம் புகை வந்தது. பிறகு வீடு இல்லை. பக்கத்தில் நீச்சல்குளம் ஒன்று பால் பொங்குவது மாதிரிப் பொங்கி ஆவியாய்ப் போனது.

வேகமாக வந்தாலாவது கோபம் என்று சொல்லலாம். இது ஏதோ தன்னுடைய வேலையைச் செய்துகொண்டு போகிற மாதிரி.

சனங்களுக்குப் பொருள் எடுக்கக் கொஞ்ச நேரம் கொடுக்கிறார்கள். ஒரு ஆள் வீட்டுக் கதவைக் கழற்றி லொறியில் ஏற்றினான். இவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நேரமிருந்தால் யன்னலையும் கழற்றலாம்,” என்றார். பிறகு எழும்பி ஷிப்டுக்குப் போய்விட்டார்.

27 செப்டெம்பர், திங்கள்

அங்கே ஒரு தேவாலயத்தின் மணிக்கோபுரம் விழுந்துவிட்டது. நிருஜன் அதன் நிழலில் இருந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டவன் என்று துஷ்யா சொல்கிறாள். எனக்கு ஐஸ்கிரீம் ஞாபகம் இருக்கிறது, கோபுரம் ஞாபகமில்லை. கும்பிடாமல் விட்டேனோ?

29 செப்டெம்பர், புதன்

நெருப்பு மலையிலிருந்து இறங்கி, வீதியைத் தாண்டி, வாழைகளைத் தாண்டி, நேற்றிரவு கடலுக்குள் விழுந்துவிட்டது. எங்கள் கடற்கரையில் இல்லை, கொஞ்சம் வடக்கே. துஷ்யா வரைபடத்தில் காட்டினாள். விழ விழக் கடல் வெள்ளைப் புகையாய் எழும்புகிறது. விழுந்தது இறுகிக் கல்லாகி, அதற்கு மேல் இன்னும் விழுந்து, இப்போது கடலுக்குள்ளே புதிதாக ஒரு நிலம் வளர்கிறதாம்.

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடக் குசினியில் பிள்ளைகளுக்கு மசித்த உருளைக்கிழங்கை வைக்கும்போது கரண்டியிலிருந்து விழுந்து பரவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பிள்ளை “மிஸ், தட்ஸ் டூ மச்” என்றது. தட்டு முழுக்கக் கொட்டியிருக்கிறேன்.

10 ஒக்டோபர், ஞாயிறு

மச்சாள் வந்தா. இவருடைய தமக்கை, கமலாம்பிகை, ஹரோவில் இருக்கிறா. வந்தால் கையோடு ஒரு சட்டி மீன்குழம்பும் ஒரு புத்திமதியும் வரும். மீன்குழம்பு நல்லது.

“ரூபி, தீவு எரியுது, நீர் பெட்டி அடுக்கிறீர். சவுத்எண்டிலை செய்தால் என்ன? தண்ணி தண்ணிதானே.”

“அப்ப உங்கடை மீன்குழம்பும் என்ரை மீன்குழம்பும் ஒண்டோ மச்சாள்?”

“கதை விடாதையும். ஐயரும் அதைத்தான் சொல்லுறார். எந்த நீர்நிலையெண்டாலும் போதுமாம்.”

“ஐயருக்கு அவனைத் தெரியாது.”

சட்டியைக் கழுவித் தந்து அனுப்பினேன். வாசலில் நின்று, “எனக்கும் மருமோன்தான்,” என்றா. தெரியும். தெரிந்துதானே நக்கலடித்தேன்.

4 நவம்பர், வியாழன். தீபாவளி

விமானம் இல்லை என்று செய்தி வந்துவிட்டது. வானத்தில் சாம்பல் பறப்பதால் இறங்க முடியாதாம்.

சாம்பலைக் கரைத்த இடத்துக்குச் சாம்பலால் போக முடியவில்லை. யோசிக்கச் சிரிப்பு வந்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு சிரித்தேன். பிறகு துஷ்யா கதவைத் தட்டினாள். சிரிக்கிற சத்தமாக வெளியே கேட்கவில்லையாம்.

8 நவம்பர், திங்கள்

திவசம். வீட்டில் செய்தோம். அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தேன். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பயற்றங்காய், வடை. படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்தோம். துஷ்யா கற்பூரம் கொளுத்தினாள். பின்வளவில் காகத்துக்கு வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். ஈஸ்ட் ஹாம் காகத்துக்குத் தமிழ் விளங்குமோ தெரியாது. மதிலில் இருந்து பார்த்தது, வரவில்லை. ஒரு அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. “வடையை மட்டும் எடுத்துக்கொண்டு சோத்தை விட்டிட்டுப் போறதெண்டால் அது அவன்தான்,” என்றேன். துஷ்யா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தோளில் முகத்தை வைத்தாள்.

இவர் வேலைக்குப் போய்விட்டார். வேண்டுமென்றே ஷிப்ட் மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறார். பின்னேரம் வந்து, “கன்ரீனிலை சாப்பிட்டிட்டன்,” என்றார். கன்ரீனில் சாப்பிட்டு வந்தால் பொரித்த கோழி மணக்கும். இன்று மணக்கவில்லை. படைத்த சோற்றை முன்னால் வைத்தேன். முழுவதையும் சாப்பிட்டார். படத்தைப் பார்க்கவில்லை.

10 நவம்பர், புதன்

எங்கடை கடற்கரை போச்சு.

11 நவம்பர்

இரண்டாவது நெருப்பாறு ஒன்று தெற்கே திரும்பிவிட்டதாம். நேரே வந்து, வாழையை எரித்து, மணலுக்கு மேலே ஏறி, கடலுக்குள் இறங்கி, இறங்கி... வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைத் துஷ்யா காட்டினாள். வளைவாக இருந்த கரை இப்போது கை மடக்கிக் குத்துகிற மாதிரிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

நாங்கள் நின்ற தண்ணி எங்கை எண்டு கேட்டன். விரலை வைச்சுக் காட்டினாள். கல்லுக்கு நடுவிலை.

13 நவம்பர், சனி

மச்சாள் போன் எடுத்தா. குரலைத் தாழ்த்திக் கதைத்தா. அப்படிக் கதைத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

“குறை நினையாதையும் ரூபி. நாங்கள் புதைக்கிற ஆக்களில்லை. கடலிலை விட்டால்தான் பிள்ளை போகும். இப்ப அது நிலமாய்ப் போச்சு. கட்டுப்பட்டுப் போச்செல்லோ? ஒரு சாந்தி செய்விப்பம்.”

நான் ஒரு பகிடி விட வாயைத் திறந்தேன். போனை வைத்துவிட்டேன்.

பின்னேரம் கோயிலுக்குப் போய் ஐயரைக் கேட்டேன். “கடல் முழுக்க ஒண்டுதானம்மா. பயப்பிடாதையுங்கோ,” என்றார். அவருக்குப் பின்னால் ஒரு கலியாணக் கூட்டம் காத்துக்கொண்டு நின்றது.

எனக்கு என்ன பயம் என்று ஐயருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசி நாட்களில் அவனுக்குப் போர்வை தாங்காது. மெல்லிய பருத்திப் போர்வையைக்கூட “பாரமா இருக்கம்மா” என்று காலால் தள்ளுவான். நான் எடுப்பேன், குளிரும் என்று பிறகு மெல்லப் போடுவேன், திரும்பத் தள்ளுவான். அந்தப் பிள்ளைக்கு மேலை ஒரு மலையைக் கொண்டுவந்து போட்டிருக்கு. ஆர் எடுக்கிறது? ஆராலை ஏலும்?

14 டிசெம்பர், செவ்வாய்

மலை நின்றுவிட்டது. நேற்றிலிருந்து சத்தமில்லையாம். யாரோ காஸ் அடுப்பைத் திருகி நிறுத்தின மாதிரி. வேலை முடிந்துவிட்டது போல.

23 ஜனவரி 2022, ஞாயிறு

துஷ்யாவின் கொம்பியூட்டரில் ஒரு படம் இருக்கிறது. இரண்டு படம், ஒன்றுக்கு மேல் ஒன்று. நடுவில் ஒரு கோடு. கோட்டை இந்தப் பக்கம் இழுத்தால் பச்சைத் தோட்டம், வெள்ளை வீடுகள், சின்னச் சின்ன ஒழுங்கை, நீலக் கடல். அந்தப் பக்கம் இழுத்தால் கறுப்பு. திரும்ப இழுத்தால் எல்லாம் எழும்பி வருகிறது. திரும்பத் தள்ளினால் போகிறது.

சோறு கரியும்வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தேன். இவர் பின்னால் வந்து நின்றது தெரியாது. நான் திரும்பியதும் அடுப்பை நிறுத்தப் போவது போலப் போய்விட்டார்.

6 மார்ச், ஞாயிறு

ரீவியில் யுத்தம். வேறு நெருப்பு, வேறு சனம். தீவைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

11 செப்டெம்பர், ஞாயிறு

இந்த வருசம் திதிப்படி ஒக்டோபர் இருபத்தொன்பதில் திவசம் வருகிறது. போகிறேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் இன்னும் நச்சுக் காற்று நிலத்துக்குள்ளிருந்து வருவதால் ஆட்களை விடுவதில்லையாம். ஆனால் படகில் போய்க் கடலில் நின்று பார்க்கலாம் என்று துஷ்யா விசாரித்துவிட்டாள்.

இவர் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“இஞ்சேரும். போய்ப் பாராதையும்.”

“ஏன்? பஸ் போகாத இடமெண்டோ?”

“பகிடி விடாதையும். சொல்லுறதைக் கேளும்.”

பிரஷைக் கீழே வைத்தார். நாங்கள் கட்டின இத்தனை வருசத்தில் இவர் இவ்வளவு நீளமாய்க் கதைத்ததை நான் கேட்டதில்லை. ஊரில் பலாலிப் பக்கம் இவர்களுடைய வீடும் வளவும் யுத்தத்தில் ஆமி பிடித்திருந்த இடம். காணியை விட்டதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்போது என்னிடம் “பரவாயில்லை” என்று மட்டும்தான் சொன்னார். இன்றைக்குத்தான் மிச்சத்தைச் சொன்னார். ஒரு சுவர் இல்லை. கிணறு எங்கே என்று தெரியவில்லை. மதில், ஒழுங்கை எல்லாவற்றையும் இடித்துத் தள்ளி, பத்தையும் புதருமாய் ஒரே வெளியாகக் கிடந்ததாம். எந்த இடத்தில் நின்று அழுவது என்றுகூடத் தெரியவில்லையாம்.

“அதுவரைக்கும் அந்த வீடு என்னட்டை இருந்தது ரூபி. படலை, விறாந்தை, அம்மான்ரை அடுப்பு, எல்லாம். போய்ப் பார்த்தன், அதோடை முடிஞ்சுது. இப்ப கண்ணை மூடினால் அந்தப் பத்தைதான் வருது. வீடு வருகுதில்லை.”

நான் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். மற்றச் சப்பாத்தை எடுத்து நான் பொலிஷ் போட்டேன்.

“நான் போகாட்டில் அவன் அதுக்குக் கீழை கிடக்கிறான் எண்டு நினைச்சு நினைச்சே செத்துப்போவன்,” என்றேன்.

“அப்ப போம்,” என்றார். கோபமில்லை.

28 ஒக்டோபர், வெள்ளி. லா பால்மா

வந்துவிட்டோம். எழுதக் கை வருகுதில்லை. ஆனால் எழுதாவிட்டால் நித்திரை வராது.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது எல்லாம் பழைய மாதிரித்தான். பச்சை. பூ. பிறகு ஒரு வளைவு திரும்பியது. நான் கண்ணாடி அழுக்கு என்று நினைத்துக் கையால் துடைத்தேன். அழுக்கில்லை. உலகம் அந்த இடத்திலிருந்து கறுப்பு.

கல்லுக்கு மேலே புதிதாக ஒரு தெரு வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் உழுத வயல் மாதிரி, ஆனால் உழுதது இராட்சதன். டாக்சிக்காரன் நிறுத்தி, இறங்கித் தொட்டுப் பாருங்கள் என்றான். தொட்டேன். சூடு. ஒரு வருசமாகப்போகிறது, இன்னும் உள்ளே சூடு இருக்கிறது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இப்போது மேடு. மலை ஒன்று புதிதாக நிற்கிறது, முன்பு அந்த இடத்தில் ஆகாயம்தான் இருந்தது. சில வீடுகள் எரியவில்லை, கறுப்பு மணல் மூடி, புகைக்கூடு மட்டும் வெளியே தெரிகிறது. ஒரு தாயும் மகனும் சவளால் மணலை அள்ளி வாசலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். யன்னல் வரைக்கும் வந்துவிட்டார்கள். எங்களைக் கண்டு கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

காட்டில் பைன் மரங்கள் கரிக்கட்டையாய் நிற்கின்றன. ஆனால் கரிக்கு மேலேயே பச்சையாய் மயிர் முளைத்த மாதிரித் தளிர். வேரிலிருந்து இல்லை, எரிந்த உடம்பிலிருந்தே. துஷ்யா படம் எடுத்தாள். எனக்கு அந்த மரங்களில் கோபம் வந்தது. ஏன் என்று தெரியாது. தெரியும். அதுகளுக்கு மட்டும் ஏலுது.

29 ஒக்டோபர், சனி

விடிய ஹோட்டல் அறையின் சின்ன அடுப்பில் சோறு வடித்து, எள்ளுப் போட்டுப் பிண்டம் பிடித்தேன். துஷ்யா பூ வாங்கிவந்தாள். ஐயர் இல்லாத திவசம். நானே ஐயர், நானே தாய்.

சின்னப் படகு. படகுக்காரர் என்னுடைய வயது இருக்கும், வெயிலில் கறுத்து எங்கள் ஆள் மாதிரி. துஷ்யாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்பானிஷ் கொஞ்சம் தெரியும். “அம்மா, அவர் உங்களுக்குப் பக்கத்திலை இருந்தால் சோடி எண்டுதான் நினைப்பினம்,” என்றாள். “கொப்பரிட்டைச் சொல்லாதை, உடனை கையெழுத்து வைச்சுத் தந்திடுவார்,” என்றேன். அது வரைக்கும் வாய் வேலை செய்தது.

பிறகு கண்டேன். கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கிற கறுப்புக் கரை. முறிந்த ஓரம். ஒரு செடி இல்லை, ஒரு கறை இல்லை, யாரும் இன்னும் பெயர் வைக்காத நிலம். அலை அதில் பழக்கமில்லாத மாதிரி வந்து மோதுகிறது. அடியில் ஒரு மூலையில் கொஞ்சம் கறுப்பு மணல் சேரத் தொடங்கியிருக்கிறது. ஒருவரும் கால் வைக்காத மணல்.

“எங்கடை இடம் எது?” என்று கேட்கச் சொன்னேன். படகுக்காரர் போனில் வரைபடத்தைத் திறந்தார். அதில் எங்கள் படகு ஒரு நீலப் பொட்டு. பழைய கரையைக் காட்டினார். பிறகு நிமிர்ந்து கையை நீட்டினார், கல்லுக்கு மேலாலே, தூரத்தே, உள்ளுக்கு.

“தண்ணீரே இல்லாத இடம்” என்றாள் துஷ்யா. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார், தம்பிக்கு என்று சொல்லியிருக்கிறாள். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். தன்னுடைய தகப்பனின் கல்லறையும் கீழேதான் என்றாராம். தாய் பூக் கொண்டுபோய் எந்த இடம் என்று தெரியாமல் கறுப்புக்கு மேலே எறிந்துவிட்டு வருவாவாம்.

பிண்டத்தைத் தண்ணீரில் விட்டேன். பூவை விட்டேன். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. எங்கிருந்தோ மீன்கள் வந்து சோற்றைக் கொத்தின. மீன் திரும்பி வந்துவிட்டது என்று படகுக்காரர் சந்தோசமாய்ச் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் பட்டது. நிறைந்த வாளிக்குள் கல்லைப் போட்டால் தண்ணீர் கல்லுக்குக் கீழேயா நிற்கும்? விலகும். கடலும் விலகித்தான் இருக்கும். நெருப்பு வர முன்னமே அவன் கரைந்து, கலந்து, தள்ளிப் போயிருப்பான். அவனுக்கு மேல் ஒன்றும் இல்லை. பாரம் இல்லை.

ஆறுதல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கீழே கிடக்கிறான் என்றாலாவது ஒரு இடம் இருந்தது. இந்தா, இஞ்சை என்ரை பிள்ளை எண்டு கை நீட்ட ஒரு கல்லாவது இருந்தது. இப்ப அதுவும் இல்லை.

துஷ்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, ஏதாவது கதையுங்கோ,” என்றாள்.

1 நவம்பர், செவ்வாய்

வீடு. இவர் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியைத் தூக்கினார். “குளிரே அங்கை?” என்றார். “இல்லை.” “பயணம் சுகமே?” “சுகம்.” வீட்டில் சோறும் பருப்பும் சமைத்து வைத்திருந்தார். பருப்புக்கு உப்பில்லை. நான் சொல்லவில்லை. இதிலிருந்தே என் நிலைமையை அவர் விளங்கியிருப்பார்.

6 நவம்பர், ஞாயிறு

அங்கே என்ன கண்டேன் என்று இவர் இன்னும் கேட்கவில்லை.

13 நவம்பர், ஞாயிறு

மச்சாள் வந்து எல்லாவற்றையும் கேட்டா. கடல் கல்லுக்குக் கீழே நிற்காது என்று வாளிக் கதையைச் சொன்னேன். “அப்ப சாந்தி தேவையில்லை,” என்றா. கண்ணைத் துடைத்தா. மீன்குழம்பைச் சூடாக்கினா.

அவ போன பிறகு சோபாவில் சாய்ந்து, நிருஜன் மணலில் நடந்ததை நினைக்கப் பார்த்தேன். அவன் வருகிறான். காற்சட்டையை மடித்துவிட்டு வருகிறான். ஆனால் காலுக்குக் கீழே அந்த முறிந்த கறுப்புக் கல். மாற்றப் பார்த்தேன். கோட்டை இந்தப் பக்கம் இழுக்கிற மாதிரி இழுத்துப் பார்த்தேன். கடற்கரை வருகுதில்லை. எங்கே இறங்கினோம், எந்தப் பக்கம் உடுப்பை வைத்தோம், ஒன்றும் வருகுதில்லை.

இவர் சொன்னார். சொன்னவர்தானே.

20 நவம்பர், ஞாயிறு

காலமை மழை. இவருக்கு லீவு. குசினி மேசையில் எனக்கு முன்னால் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சேருங்கோ,” என்றேன். “அந்தக் கடற்கரைக்கு நாங்கள் எந்தப் பக்கத்தாலை இறங்கினனாங்கள்? எனக்கு வருகுதில்லை.”

இவருடைய கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன், வருசக்கணக்காய்ச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

உள்ளியைக் கீழே வைத்தார்.

“மேலை காரை விட்டனாங்கள்,” என்றார். “ஒரு வெள்ளை மதிலோடை.”

“பிறகு?”

“பிறகு ஒழுங்கை. ரெண்டு பக்கமும் வாழை. குலையளுக்கு நீலப் பை கட்டியிருந்தது. ஏன் பை எண்டு நீர் கேட்டனீர்.”

“நான் கேட்டனானோ?”

“ஓம். வாழைக்கும் பள்ளிக்கூட யூனிபோமோ எண்டு கேட்டனீர்.” மேசையில் கிடந்த உள்ளித் தோலை ஒதுக்கினார். “அதுக்குப் பிறகு கல்லுப் படி. ஒரு படி உடைஞ்சு கிடந்தது. நான் பயந்து பின்பக்கமாய் இறங்கினன். தம்பி கீழை நிண்டு கையைத் தந்தவன். ‘அப்பா, ரிவேர்ஸிலை வராதேங்கோ, பசெஞ்சர்ஸ் வெயிட்டிங்’ எண்டவன்.”

தம்பி என்றார், அவனை வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே. வாயால் சொன்னார். சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்து மூக்கால் வழிந்தது. துடைக்கவில்லை.

துஷ்யா ஏதோ கேட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தாள். நான் கையைக் காட்டினேன். அவள் தகப்பனைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கதிரையை இழுத்து இருந்தாள்.

“அவன்ரை கை சூடா இருந்தது,” என்றார் இவர். “காய்ச்சலோ எண்டு கேட்டன். வெயில் அப்பா எண்டவன். பிறகு அடுத்த படி...”

ஒவ்வொரு படியாகச் சொல்கிறார். இன்னும் மணலுக்கு வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை.